செம்மறிகளின் காவற்காரர்

யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்ன அந்த மே மாதத்தில், நான் ஒரு மிருகத்தின் மேல் பொறாமைப்பட்டேன். ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வயதில் இதைச் சொல்ல வெட்கம்தான்.

மனைவியின் தம்பி யுத்தம் நடந்த வன்னியில் இருந்தான்; நாங்கள் புலம்பெயர்ந்து வெகுதூரத்தில். மூன்று வாரமாக ஒரு சேதியும் இல்லை. வீட்டில் யாரும் சிரிக்காவிட்டால் எனக்குப் பயம் பிடித்துவிடும். பயம் பிடித்தால் வாய் நிற்காது. "அவன் போன் காட் வாங்கக் கடைக்குப் போயிருப்பானப்பா, அங்கை லைன் நீளமாம்" என்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். அதன் பிறகு, சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம்தான் எனக்குக் கிடைத்த பேச்சு.

வெளிக்காற்று பட்டால் கதைப்பாள் என்று நினைத்து, சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு யூனியன்வில்லுக்கு வடக்கே நாங்கள் ஆட்டிறைச்சி வாங்கும் பண்ணைக்குப் போனேன். செம்மறிகளுக்கு நடுவே கழுத்து நீண்ட ஒன்று நின்றது. லாமாவாம், ஒட்டகச் சாதி. கொயோட்டி என்கிற ஓநாய்ச் சாதி வந்தால் ஆடுகளைக் காப்பதுதான் அதன் வேலை என்று சொல்லிவிட்டு, பண்ணைக்காரர் இறைச்சி எடுக்க உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்துப் புல்லுக்குள்ளால் பழுப்பாக ஒன்று வந்தது. "கொயோட்டி! ஓடும், ஓடும்!" என்று மனைவிக்குக் கத்தியபடி பண்ணைக்காரரின் பிக்கப் வண்டியில் பாய்ந்து ஏறிவிட்டேன். ஏறிய பிறகுதான் அவளைக் கீழே விட்டுவிட்டது உறைத்தது. லாமாவோ ஆடுகளைப் பின்னால் விட்டு, நேரே அதை நோக்கி நடந்தது. வந்தது பக்கத்துப் பண்ணை நாய். லாமாவைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டது.

"உவர் ஓடேல்லை, பாத்தீங்களோ?" என்றாள் மனைவி, லாமாவைக் காட்டி.

உவர்! 'உது' என்று சொல்ல வேண்டியதற்கு மரியாதை. தன் தமக்கையோடு அவள் போனில் கதைக்கும்போது நான் வெறும் 'இந்த மனிசன்'. லாமாவின் கண்ணிமைகள் வேறு என்னுடையதைவிட வடிவு.

அவள் வேலியோரம் போனாள். லாமா அசைபோட்டபடி கிட்ட வந்தது.

"தம்பிக்குச் சின்னனிலை குண்டு போடுற ஹெலிச் சத்தம் எண்டா பயம்" என்று அதனிடம் சொன்னாள். "கட்டிலுக்குக் கீழை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கிடப்பான். இப்ப ஆரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறானோ."

இருபது வருடக் கல்யாணத்தில் எனக்குச் சொல்லாத கதை. வந்து கால் மணி நேரமாகாத பழக்கத்தில் அதற்குக் கிடைத்துவிட்டது.

வண்டியிலிருந்து இறங்கி அவளிடம் போனேன். கட்டிலைப் பற்றி வாய்க்குள் ஒரு பகிடி தயாராக இருந்தது. நல்ல பகிடிதான். விழுங்கிவிட்டேன். லாமா காதை மடித்து, என் ஜாக்கெட்டில் பச்சையாகத் துப்பியது.

"துடைக்காதேங்கோ. அசைஞ்சா அவர் போயிடுவார்."

நான் அசையவில்லை. "கட்டிலுக்குக் கீழை வேறை ஆர் இருப்பினம்?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் சொன்னாள். பதில் எனக்குத்தான்; பார்த்தது மட்டும் லாமாவை.