அம்மா சொல்லாத பெயர்

பள்ளிக்கு வராத மாணவியைத் தேடி அவள் வீட்டுக்குப் போனேன். நெசவுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள்; குறுக்கு நூலைச் சிறு குழலில் ஏற்றும் வேலை. ராட்டையில், குழல் மாட்டும் கம்பிகளான கதிர்கள் இரண்டு ஒன்றாகச் சுழலும் சத்தம் என்னை வாசலிலேயே நிறுத்தியது.

நான் சிறுமியாக இருந்தபோது, இரண்டாம் உலக யுத்த காலம். அருப்புக்கோட்டை வீட்டில் என் அப்பா தறி நெய்வார்; அவரை அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அம்மா ஒற்றைக் கதிர் ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பாள். தார் தீர்ந்து தறி நின்றால் அவளுக்குத்தான் ஏச்சு. ஒருநாள் உடைந்த குடையின் நடுக்கம்பியைத் தேய்த்து இன்னொரு கதிராகப் பொருத்தினாள்.

“சுத்துறதோட நிறுத்திக்க. மாத்துறதெல்லாம் ஆம்பள வேலை,” என்றார் அய்யா.

ஆனால் ஒரு தார் சுற்றும் நேரத்தில் இரண்டு சேர்ந்தன. பார்க்க வந்தவர்கள், “யாருய்யா செஞ்சது?” என்றார்கள்.

“நாந்தேன்,” என்றார் அய்யா.

அய்யாவின் பெயரால் தெருவெங்கும் அது நாகப்பன் ராட்டை ஆனது. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால், தான் செய்த ராட்டையின் பெயரைக்கூட அம்மா சொல்ல முடியவில்லை. “அவுக ராட்டை” என்பாள்.

“நீதான செஞ்ச? சொல்லும்மா,” என்று அழுதேன்.

“சொன்னா எவ நம்புவா? நீ பள்ளிக்கூடம் போ.”

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்.

நான் வாசலில் நின்று ராட்டையையே பார்ப்பதைக் கண்டு, “இது நாகப்பன் ராட்டை, டீச்சர்,” என்றாள் மாணவி.

“இல்ல தாயி. இதைச் செஞ்சது வீரம்மா. எங்கம்மா. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வா, அந்தப் பேரை எழுதச் சொல்லித் தாரேன்.”