ஆளில்லாத வீட்டில் அறுபது வாட்ஸ்

இன்னைக்குக் காலையில மார்க்கையன்கோட்டையில ஒரு பூட்டின வீட்டுக்கு வயரிங் பார்க்கப் போனேன்.

வீட்டுக்கார அத்தை வாசல்லயே நின்னாக. போன மாசம் மாமா ஆஸ்பத்திரியில இறந்ததுலருந்து மக வீட்டுலதான் இருக்காக.

"வீட்டுல ஒரு ஆளு இல்ல. ஆனா ஈபி மீட்டர்ல சிவப்பு லைட்டு மினுங்குது. உள்ள யாரோ இருக்காகப்பா."

"கரண்டு எங்கனயாச்சும் கசியும் அத்தை"ன்னு சொல்லி, மெயின் வயர்ல கரண்டு அளக்குற கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். 240 வோல்ட், கால் ஆம்பியர். பெருக்கினா அறுபது வாட்ஸ், வகுத்தா 960 ஓம். கசிவுன்னா நம்பர் ஏறி இறங்கும். இது அசையவே இல்ல. குண்டு பல்பு மாதிரி இருந்துச்சு.

ரூம் ரூமாப் பார்த்தோம். எல்லா சுவிட்சும் ஆஃப்ல கிடக்கு. அப்பவும் அதே கால் ஆம்பியர். எனக்கே பிடரி வேர்த்துருச்சு.

கடைசியில, பின்கட்டுல மூடி போட்ட ஒரு மரப்பெட்டி. தொட்டா சூடு. திறந்தா வெளிச்சம்.

கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க மாமா, சுவிட்ச் இல்லாம நேரா வயர்ல கொடுத்துட்டுப் போன பல்பு. எழவு வீட்டுக் கூட்டத்துல குஞ்சுகளை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாகளாம். பல்பை யாரும் நினைக்கல.

"கழட்டிறவா அத்தை?"

அத்தை பெட்டிக்குள்ள கையை நீட்டி அந்தச் சூட்டுல வச்சுக்கிட்டாக.

"இருக்கட்டும்பா. அவுக போட்டது."

விட்டுட்டு வந்துட்டேன். ஆனா குண்டு பல்பு ரொம்ப நாள் தாங்காது.

தேனி, சின்னமனூர் பக்கம் எந்தக் கடையிலயாவது அறுபது வாட்ஸ் குண்டு பல்பு இன்னும் கிடைக்குதா? எல்இடி சொல்லாதீங்க. அதுல அந்தச் சூடு வராது.