அவளுடைய கைக்கு ஒரு சோடிக் கையுறை

ஆலங்குடாவில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கான விடுதி ஒன்றின் மண்டபம், காற்று விழுந்த மாதங்களில் சும்மா கிடக்கும். சிலாபத்துப் பெண் ஒருத்தி அதை வாடகைக்கு எடுத்து, பெண்களுக்குத் தற்காப்புக் கலை பழக்கத் தொடங்கினாள். என் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதை எனக்குச் சொன்னவர்கள், கரையோர மீன்வாடியில் அவளோடு கருவாட்டுக்கு மீன் வெட்டும் பெண்கள்.

"அண்ணை, இனி வீட்டில வாயைக் குறையுங்கோ" என்றார்கள். நான் ஏற்கெனவே வாய் குறைந்த ஆள்.

சண்டைக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்து இந்தக் கரையில் ஒதுங்கிய காலம் தொட்டு அவளுக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. சின்னச் சத்தத்துக்கும் எழும்பி உட்கார்ந்துவிடுவாள். குத்துப் பழகத் தொடங்கிய பிறகு விடியும்வரை தூங்கினாள். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

ஒரு பின்னேரம் வலது மணிக்கட்டு வீங்கி வந்தாள். அங்கிருந்த பொதுக் கையுறைகள் ஆம்பிளைகளின் கைக்குச் செய்தவை. அவளுடைய சின்னக் கை உள்ளே வழுக்கி, குத்தும்போது மணிக்கட்டு மடங்கிவிட்டது.

"இனி நான் போகேல்லை. கை போனால் மீனை ஆர் வெட்டுறது?"

"வேற கையுறை வாங்குவம்."

"உங்களுக்கு என்ன தெரியும் அதைப் பற்றி?"

ஒன்றும் தெரியாதுதான். ஆனால் அன்றிலிருந்து அவள் மறுபடி எழும்பி உட்காரத் தொடங்கினாள். வீக்கம் வற்றியதும், வலை கட்டும் நூலை அவளுடைய உள்ளங்கையைச் சுற்றிப் பிடித்து முடிச்சுப் போட்டேன்.

"என்ன, காப்புச் செய்யப் போறியளோ?" என்று சிரித்தாள்.

நூலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புத்தளத்துக்கு பஸ் ஏறினேன். விளையாட்டுச் சாமான் கடையில் கையுறைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

"யாருக்கு அண்ணன், மகனுக்கா?" என்றார் கடைக்கார நானா.

"வீட்டில ஆளுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லா யோசிச்சு வாங்குங்க. மொதக் குத்து உங்களுக்குத்தான் விழும்."

எனக்குக் காது சுட்டது. எத்தனை அவுன்ஸ் என்று கேட்டார். வலையில் சூடை மாதிரிச் சின்ன மீனுக்குச் சின்னக் கண், அறக்குளா மாதிரிப் பெரிய மீனுக்குப் பெரிய கண். அதே கணக்கில், "சின்னக் கை, நானா. ஆகக் குறைஞ்ச அவுன்ஸ் தாங்கோ" என்றேன்.

"அவுன்ஸ் எண்டா கைட அளவு இல்ல அண்ணன், கிளவுஸ்ட பாரம். கொறஞ்சத எடுத்தா மெத்தை காணாது, எலும்பு நோகும்." நூலை வாங்கிப் பார்த்தார். "இது வெறுங்கைதானே? துணி சுத்தித்தானே கை உள்ளுக்குப் போகும்? ஆளக் கூட்டிக்கொண்டு வாங்க."

வெட்கம் என்று மறுத்தவளை, ஒருமுறை போட்டு மட்டும் பார் என்று கெஞ்சிக் கூட்டிப் போனேன். கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். அவள் யாரையும் பார்க்காமல், கடைக்காரர் நீட்டிய துணியை மணிக்கட்டிலும் விரல்களுக்கிடையிலும் சுற்றினாள். அவ்வளவு விரைவு. இதை எப்போது பழகினாள் என்று வாய் பிளந்து நின்றேன்.

முதல் சோடியில் முஷ்டி மூடவில்லை. அடுத்ததில் மூடியது, ஆனால் மணிக்கட்டு ஆடியது. பிறகு கடைக்காரர் மேல் தட்டிலிருந்து கறுப்புச் சோடி ஒன்றை எடுத்தார். பன்னிரண்டு அவுன்ஸ், உள்ளே ஒடுக்கம், மணிக்கட்டில் நீளமான தடித்த பட்டி. பட்டியை இறுக்கிவிட்டு அவள் மணிக்கட்டை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை.

"ஒண்டு போட்டுப் பாருங்க அக்கா" என்று அவர் குத்து வாங்கும் மெத்தையைத் தூக்கினார்.

"அவர் பிடிக்கட்டும்."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மெத்தையை நெஞ்சுக்கு முன்னால் பிடித்தேன். காலை அகட்டி நிற்கச் சொன்னார் கடைக்காரர். ஆடுகிற படகில் நிற்கிறவனுக்கு இதுவா என்று நினைத்தேன்.

அவள் குத்தினாள்.

படகின் முன்பக்க அணியத்தில் அலை மோதும்போது உள்ளங்காலால் ஏறும் அதிர்வு அன்றைக்கு உள்ளங்கையால் ஏறியது. பின்னால் இருந்த அலுமாரியில் என் முதுகு முட்டியது. சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. மீன் வெட்டி, சோறு போட்டு, பக்கத்தில் படுத்து எழும்புகிற இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது.

அவள் எங்களைப் பார்க்கவில்லை. மணிக்கட்டை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா?" என்றேன்.

"நோகேல்லை" என்றாள். "இன்னொருக்காப் பிடியுங்கோ."

நான் காலை இன்னும் அகட்டி நின்றேன்.