ஊருக்குத் திரும்புகிற டிக்கெட்

அப்பா, அம்மா போன பிறகு எனக்கென்று மிஞ்சியவள் தங்கை ஒருத்திதான். அவள் சைகோனில், நான் சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் கிடங்கில் மூட்டை எண்ணிக் கணக்கெழுதுகிற கிராணி. கல்யாணமாகிப் போனவளைப் பார்த்துப் பதினோரு வருஷம். அவள் புருஷனுக்குக் கிழக்கே கடல் நடுவில் ஏதோ தீவுக்கு மாற்றலாகிவிட்டது. "மாசக் கடைசில கப்பலேறுறோம். அதுக்குள்ள ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போண்ணே" என்று எழுதியிருந்தாள். இப்போது விட்டால் இனி எந்த ஜன்மத்தில் பார்ப்பது?

பதினைந்து நாள் லீவு வாங்கினேன். மாசக் கடைசிக்குள் சைகோன் போய்ச் சேருகிற கப்பல் ஒன்றே ஒன்று, வெள்ளிக்கிழமை. அதில் வருகிறேன் என்று உடனே தந்தி அடித்துவிட்டேன். அவசரக்குடுக்கை! விசா கைக்கு வரவில்லை, அதற்குள் தந்தி. உலகச் சண்டைக்கு முன்னால் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. கப்பலேறினால் போய்ச் சேர்ந்தோம், அவ்வளவுதான்.

விசா ஆபீஸில் ஒரு தமிழ்க் குமாஸ்தா இருந்தார்.

"சுத்திப் பாக்கப் போறீங்க, சரி. அங்கேயே தங்கிட மாட்டீங்கன்னு தொரை எப்படி நம்புவாரு? சைகோன்லேருந்து ஊருக்குத் திரும்புற டிக்கெட்ட வாங்கிட்டு வந்து காட்டுங்க."

மண்டையை மண்டையை ஆட்டிவிட்டு நேரே கப்பல் கம்பெனிக்குப் போய், சைகோனிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன். வேறென்ன வாங்குவேன்? ஊர் என்றால் எனக்கு அதுதானே! சிராங்கூன் சாலையில் ஒண்டியிருந்த அறையை எந்தக் கிறுக்கன் ஊர் என்பான்? வழியில் கப்பல் சிங்கப்பூரில் நிற்கும், இறங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். பெரிய கெட்டிக்காரன்!

வியாழக்கிழமை மத்தியானம் துரை என் காகிதங்களைப் பார்த்தார். லீவுக் கடிதத்தில், பதினாறாம் நாள் தஞ்சோங் பகாரில் வேலைக்கு வந்துவிடுவான் என்றிருந்தது. டிக்கெட்டில் நாகப்பட்டினம். இவன் புளுகுகிறான் என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்.

"என்னங்க இது? ஊருக்குத் திரும்புற டிக்கெட்டுன்னு தெளிவாத்தானே சொன்னேன்?" என்றார் குமாஸ்தா.

"இதாங்க என் ஊரு."

"அடக் கடவுளே! நான் இங்கேயே பொறந்தவன் லா. ஊருன்னா எனக்குச் சிங்கப்பூருதான். அதத்தான் சொன்னேன்." அவர் முகமும் தொங்கிப்போயிற்று. "ஓடுங்க, மாத்திட்டு வாங்க."

ஓடினேன். மாற்றிக்கொண்டு வருவதற்குள் ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் காலை குமாஸ்தா என் காகிதத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார், பாவம். துரை வந்ததே பதினோரு மணிக்கு. முத்திரை விழுந்ததும் ரிக்‌ஷாவில் பறந்தேன். துறைமுகத்தில் கப்பல் இல்லை.

தவறவிட்டேன் என்று உடனே இன்னொரு தந்தி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. என்னவென்று அடிப்பேன்? ஊர் எதுவென்று தெரியாமல் கோட்டை விட்டேன் என்றா? வெட்கம் பிடுங்கித் தின்றது. வேலையிடத்தில் எல்லாரும் நான் சைகோனில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து நாளும் அறைக்குள்ளேயே கிடந்தேன். ஒரு மனுஷன் வந்து கதவைத் தட்டவில்லை. செத்துப்போயிருந்தாலும் தெரிந்திருக்காது.

லீவு முடியும்போது தங்கையின் கடிதம் வந்தது, தீவுக்குப் புறப்படுகிற அன்று எழுதியது.

"கப்பல்லேருந்து எறங்குன ஒவ்வொருத்தர் மொகத்தையும் பாத்தேண்ணே. ஒன்னக் காணோம். பதினோரு வருஷத்துல மாறிப்போயிருப்பியோ, எனக்குத்தான் அடையாளம் தெரியலியோன்னு பயந்துட்டேன். கடைசியா எறங்குனவரு ஒரு வயசானவரு. அவரு கையப் புடிச்சிக்கிட்டு அண்ணே, அண்ணேன்னு அழுதுட்டேன்."