மூன்று அடுக்கும் நிற்க வேண்டும்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். மஞ்சக்குட்டையில் அண்ணன் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மேடைமீது வரிசையாக நின்ற எவர்சில்வர் டம்ளர்கள். அவற்றுக்குப் பின்னால் அறுபத்தொரு வயது அண்ணன், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு ஸ்பூனைக் குப்புறப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"எட்டிப் பாரு அம்மிணி, அடுக்கு நிக்குதா?"

எட்டிப் பார்த்தேன். பழுப்பாக ஏதோ தெரிந்தது.

"எவர்சில்வர்ல எப்படிண்ணா அடுக்கு தெரியும்? கண்ணாடி கிளாஸ் வேணும்."

டம்ளரைக் கையில் எடுத்துச் சுற்றிலும் பார்த்தார். "அட ஆமா," என்றார். அதுவரை அந்த யோசனையே அவருக்கு வந்திருக்கவில்லை.

அண்ணி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. வருகிற திங்கட்கிழமை அண்ணனுக்குச் சேலத்தில் பதிவுத் திருமணம். மணப்பெண் வெள்ளக்கடையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. மூன்று சாட்சிகள் வேண்டும். தங்கை நான் ஒன்று, ஆசிரியையின் தம்பி ஒன்று. மூன்றாவது கையெழுத்தைத் தன் மகள்தான் போட வேண்டும் என்பதில் அண்ணன் பிடிவாதமாக இருந்தார். அவள் போடாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று ஆசிரியையிடமே சொல்லியிருந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகளோ, "பார்க்கலாம்ப்பா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வாரம் அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். விரல் உயரக் கண்ணாடிக் கிளாஸ். அடியில் கறுப்பாகக் காபி மது, நடுவில் வெளுப்பாக கிரீம் லிக்கர், மேலே பொன்னிறத்தில் ஆரஞ்சு மது. ஸ்பூனின் முதுகில் மெல்ல ஊற்ற, மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் கோடு போட்டது போல நின்றன. பார்ட்டிகளில் ஒரே மடக்கில் குடிப்பார்களாம். கீழே ஒரு வரி: "உங்க கையால இதைச் செஞ்சு வைங்க. மூணு அடுக்கும் நின்னா கையெழுத்து." பக்கத்தில் சிரிக்கும் பொம்மை ஒன்று. அவள் விளையாடுகிறாளா, மெய்யாகவே சொல்கிறாளா? பத்திரிகையின் செய்திப் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்த என்னாலும் சொல்ல முடியவில்லை. அண்ணன் மெய் என்றே எடுத்துக்கொண்டார். இத்தனைக்கும் அவர் வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை.

கிரீம் லிக்கர் நான் விமான நிலையத்தில் வாங்கிவந்தது. மற்ற இரண்டும் வீட்டுத் தயாரிப்பு. அடிக்கு எங்கள் காபி டிகாக்‌ஷனில் ரம்மும் சர்க்கரையும். மேலுக்கு, வீடியோ வந்த அன்றே தோட்டத்து ஆரஞ்சுத் தோலை ஊறப்போட்ட பிராந்தி. மகள் ஆறு மணிக்கு வந்துவிடுவாள்.

அண்ணன் போனில் சொல்ல, நாலரைக்கு ஆசிரியை ஸ்கூட்டரில் வந்தார். கைப்பையில் சின்னக் கண்ணாடிக் கிளாஸ்கள் நான்கு, பழைய புடவைத் துண்டில் பத்திரமாகச் சுற்றியபடி.

முதல் கிளாஸ். அடியில் காபி, அதன்மேல் கிரீம். கிரீம் நேராகக் காபிக்குள் இறங்கி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"ஏனுங்க, டிகாக்‌ஷனுக்குச் சர்க்கரை எவ்வளவு போட்டீங்க?"

"அரை ஸ்பூனுங்க."

"அது உங்களுக்குங்க. இது கிளாஸுக்கு."

அண்ணனுக்குச் சர்க்கரை நோய். அந்த வீட்டில் பல வருடமாக எதற்கும் அரை ஸ்பூன்தான். இனிப்பு ஏறினால்தான் காபி கனத்து அடியில் நிற்கும். ஆசிரியை சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்தார். கெட்டுப்போனதைக் கொட்ட மனம் வராமல் நானும் ஆசிரியையும் ஆளுக்குப் பாதியாகக் குடித்தோம். நன்றாகவே இருந்தது.

அடுத்த தவறு கையில் இருந்தது. அண்ணன் புட்டியைச் சாய்த்ததும் கை தானாக மேலே போனது. ஒரு சாண், ஒன்றரைச் சாண். நாற்பது வருடம் காபி ஆற்றிய கை. கிரீம் உயரத்திலிருந்து நுரையோடு விழுந்தது. ஸ்பூனின் முதுகில் பட்டு, மிச்சம் அவர் சட்டையில் தெறித்தது.

"ஆத்தாதீங்க!" என்றார் ஆசிரியை.

"நான் எங்கீங்க ஆத்தறேன்? கை ஆத்துது."

அடுத்த கிளாஸுக்கு ஆசிரியை அண்ணனின் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அப்போதும் மணிக்கட்டு மட்டும் தனியாக எழும்பியது. அதையும் குடித்தோம். ஐந்தேகால் ஆகும்போது ஆசிரியைக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, "நொம்ப நல்லாத்தான் இருக்குதுங்க, இப்படியே கெடுத்துட்டே இருங்க," என்றார். எனக்கு மேடை லேசாகச் சாய்ந்திருப்பது போலப் பட்டது. ஒரு சொட்டும் குடிக்காத அண்ணன் எங்கள் இருவரையும்விட அதிகமாகச் சிரித்தார். சிரித்து முடித்துக் கடிகாரத்தைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் வெள்ளிப் பாலாடை. குழந்தைக்குப் பால் புகட்டும், மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம்.

"பாப்பாவுக்குச் சின்னதுல நான்தான் புகட்டுவேன். மேல இருந்து ஊத்துனா புரையேறிரும். கன்னத்தோரமா ஒழுக விடோணும்."

கிளாஸைக் கொஞ்சம் சாய்த்தார். பாலாடையின் மூக்கை அதன் உள்சுவரில் வைத்தார். இம்முறை கை எழும்பவில்லை. கிரீம் சத்தமில்லாமல் இறங்கிக் காபிமேல் பரவியது. பிறகு பிராந்தி. கறுப்பு, வெளுப்பு, பொன். மூவரும் மூச்சுக்கூடப் பெரிதாக விடவில்லை.

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

மகள் நேராகச் சமையலறைக்கு வந்தாள். அவள் பார்வை போனது கிளாஸுக்கு அல்ல.

"அப்பா, இது என்னோட பாலாடையா?"

"உன்னோடதுதான் சாமி. கழுவித்தான் ஊத்துனேன்."

"இதுலயா சாராயம் ஊத்துனீங்க?"

அவள் உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன். அவள் சிரித்துச் சிரித்து முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே கை நீட்டிக் கிளாஸை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள்.

"அடுக்குப் பார்த்தியா கண்ணு?" என்றார் அண்ணன் பதறி.

"எங்க பார்த்தேன்? உள்ள போயிருச்சே."

"அத்தைகிட்டக் கேளு. மூணும் நின்னுது!"

"அத்தை நிக்கறதே சந்தேகமா இருக்கு. அவங்க சாட்சி செல்லாது."

அண்ணன் அவசரமாக இன்னொன்று ஊற்றினார். பதற்றத்தில் மூன்றும் சேற்றுத் தண்ணீர் போலக் கலந்தன. அண்ணன் பாலாடையைக் கீழே வைத்துவிட்டு மகள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

அவள் எழுந்தாள். கலங்கிய கிளாஸை ஓரமாகத் தள்ளினாள். ஒரு காலி கிளாஸை எடுத்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பாலாடையை ஆசிரியையின் பக்கம் நீட்டினாள்.

"நீங்க ஊத்துங்க. நான் பிடிச்சுக்கறேன். அப்பாவுக்குக் கை ஆடுது."

"எனக்கும் இப்ப ஆடுதுங்களே," என்றார் ஆசிரியை.

"பரவால்ல, ஊத்துங்க."

இரண்டு அடுக்குதான் நின்றது.

திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்குச் சேலம் பதிவாளர் அலுவலகத்தில் முதல் சாட்சியாக அவள் கையெழுத்துப் போட்டாள்.