சாட்சிக் கையெழுத்து

கணவர் இறந்த பிறகு, பழவேற்காடு ஏரியில் கையால் இறால் தடவிப் பிடித்துத்தான் பிழைக்கிறேன். துக்கம் விசாரிப்பார்களே என்று, மற்றப் பெண்கள் கரையேறிய பின் தனியாக இறங்குவேன். பதினைந்து வருடத்தில் அதுவே பழகிவிட்டது.

அறுபது முடிந்ததும் மீனவர் ஓய்வூதியத்துக்கு மனு கொடுக்கப் போனேன். “நீங்க தொழில் செஞ்சதைப் பாத்தவங்க யாராவது கையெழுத்து போடணும்மா” என்றார் அலுவலர். எனக்கு ஒரு பெயரும் தோன்றவில்லை. மனுவை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வழியில் ஏரிக்கரை வீட்டு எஸ்தர், “இன்னாக்கா காகிதம்?” என்று கேட்டாள். அவளிடம்கூட நான் முகம்கொடுத்துப் பேசியதில்லை. விஷயத்தைச் சொன்னதும் பேனா எடுத்துவந்தாள்.

“நீ தண்ணில இறங்குனா, கரையேறுற வரைக்கும் நான் வாசல்ல நின்னு பாத்துனுதானே கீறேன்!”

இப்போதெல்லாம் கரையேறியதும் அந்த வாசலைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத்தான் கூடையைத் தூக்குகிறேன்.