கதவைத் திறந்து வந்தவன்

மலச்சிக்கல் மாத்திரை விளம்பரத்துல பாத்ரூம் கதவைத் திறந்துக்கிட்டு வாயெல்லாம் பல்லா ஒருத்தர் வெளியே வருவாரே, அவர் என் கூடப்பிறந்த தம்பி. சிரிச்சுட்டீங்க பாருங்க! சிரிங்க, எனக்கென்ன, பழகிப்போச்சு.

பன்னிரண்டு வருஷம் மேடை நாடகத்துல உயிரைக் கொடுத்து நடிச்சவன். செத்துக் காட்டினான்னா நமக்கே பக்குன்னு இருக்கும். அதையெல்லாம் எவன் பார்த்தான்? இருபது நொடி விளம்பரம், ஒரு வார்த்தை வசனம் கிடையாது, ஊரே தலையில தூக்கி வச்சு ஆடுச்சு. மொதல்ல அவனுக்கும் தலைகால் புரியல. "பாத்ரூம் அண்ணே, ஆச்சா?"ன்னு பஸ்ஸுக்குள்ளேர்ந்து கத்துவானுங்க. இவனும் கையை ஆட்டுவான், கிறுக்கன்.

வினையே அப்புறம்தான். போலீஸ் வேஷம் கேட்டுப் போனா, "ஜனங்க சிரிச்சுடுவாங்க சார்"னு வாசலோட அனுப்பிடுவாங்க. கிடைச்சதெல்லாம் பாத்ரூம்லேர்ந்து வர்ற வேஷம்தான். ஒருத்தியை மனசார விரும்பினான். அவ அப்பா இவன் மூஞ்சியைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரிச்சாராம். அன்னைக்கோட கல்யாணப் பேச்சையே விட்டுட்டான்.

எங்கம்மா ஆஸ்பத்திரியில கண்ணை மூடின அன்னைக்கு, எனக்குச் சொல்றதுக்காக ரூம் கதவைத் திறந்து வெளியே வந்தான். பெஞ்சுல உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பொம்பளை களுக்குன்னு சிரிச்சா. அவளை நான் கிழிச்ச கிழி அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும். ஆனா அன்னைக்கிலேர்ந்து இவனுக்கு ஒரு பழக்கம். பேங்க்கோ டாக்டர் ரூமோ, எந்தக் கதவுல வெளியே வந்தாலும் கதவைச் சாத்தற மாதிரி திரும்பிக்கிட்டு, முதுகைக் காட்டித்தான் வருவான். என் வீட்டுலதான் இருக்கான், இங்கே மட்டும் நேரா வருவான். அவனுக்கும் எனக்கும் வேற யாரு இருக்கா? "உன்கிட்ட என்னக்கா பயம்?"ம்பான்.

இந்த வருஷம், இவனோட ஐம்பத்தாறாவது வயசுல, பழைய நாடக டைரக்டர் கூப்பிட்டு ஒரு வேஷம் கொடுத்தார். ரூமுக்குள்ள பொண்டாட்டி செத்துப்போறா. புருஷன் கதவைத் திறந்து வந்து, ஜனங்களைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நிக்கணும். பேச்சே கிடையாது. "அந்த ஒரு நிமிஷம் யாரும் சிரிக்காம இருந்துட்டாப் போதும்க்கா. நானும் நடிகன்தான்னு நிம்மதியாப் போய்ச் சேர்ந்துடுவேன்"னான். ஒரு மாசம் என் சமையலறைக் கதவுலதான் ஒத்திகை. ஒவ்வொரு தடவையும் நான் மூக்கைச் சிந்தி அழுதேன்.

நாடகத்தன்னைக்கு ரெண்டாவது வரிசையில உட்கார்ந்திருந்தேன். அரங்கு நிறைஞ்ச கூட்டம். கதவு திறந்துச்சு. நேரா வந்து நின்னான். அடடா, என்ன முகம்! ஒரு ஆள் இருமல. பத்து நொடி, இருபது நொடி போச்சு, ஒருத்தரும் சிரிக்கல. ஜெயிச்சுட்டான்டா என் தம்பின்னு எனக்கு நெஞ்சு பொங்குச்சு. அந்தச் சந்தோஷமோ, இத்தனை நேரம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்ததோ, என்ன எழவோ தெரியல. களுக்குன்னு எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

வாயைப் பொத்தினேன். என்ன பிரயோஜனம்? பின்வரிசையில ஒருத்தன் "டேய், பாத்ரூம் அண்ணன்டா!"ன்னான். அரங்கமே குலுங்குச்சு. என் தம்பி அசையல, கண்ணை மட்டும் இறக்கி என்னைப் பார்த்தான். ஆயிரம் பேர்ல என் சிரிப்பு அவனுக்குத் தெரியாதா? மிச்ச நேரமும் அப்படியே நின்னுட்டுத்தான் உள்ளே போனான்.

வீட்டுக்கு வர்ற வழியில, "பின்னாடி எவனோ ஒரு தறுதலை ஆரம்பிச்சு விட்டான்டா"ன்னு சொன்னேன். நாக்கு கூசல எனக்கு.

"ஆமாக்கா"ன்னான்.

காலையில காபியை ஆத்தி வச்சுட்டு ஹால்ல உட்கார்ந்திருந்தேன். அவன் ரூம் கதவு திறந்துச்சு. முதுகுதான் முதல்ல வந்துச்சு.